டொல்பின் வான் ஹீற்றர் சுடுகுதில்லை, இளஞ்சூட்டுக் காத்துத்தான் வருது

கோண்டாவில்_வான்:

வணக்கம் அண்ணைமார். வான் ரொயோட்டா ஹையேஸ் டொல்பின், எல்எச்113, 3எல் எண்ட வகை டீசல் எஞ்சின். முன்னுக்கும் பின்னுக்கும் ஹீற்றர் இருக்கிற வகை. யாழ்ப்பாணத்தில ஹீற்றரைத் தொடத் தேவையில்லை, ஆனா மார்கழி தொடங்கினால் நுவரெலியா ஹயர் வரும். சின்னப் பிள்ளையளும் வயது போன ஆக்களும் ஏறுற வான். விடியப்புறக் குளிருக்க இந்தக் காத்தை வச்சு ஒண்டும் செய்யேலாது. முன் கண்ணாடியில படியிற ஈரப்புகாரும் விலகுதில்லை, எனக்கு அதுதான் கூடப் பயம்.

கம்பளையால மேல ஏறேக்க காத்து ஓரளவு சுடும். நுவரெலியா ரவுனுக்க மெல்ல ஓடேக்க இளஞ்சூடு. திரும்பி இறம்பொடைப் பக்கம் கியரில இறங்கேக்க அந்தச் சூடும் போயிடும். பின் ஹீற்றரில எப்பவும் பச்சைக் காத்துத்தான். புளோவர் நாலு வேகமும் நல்லா வேலை செய்யுது, காத்தின்ர வேகத்தில குறையில்லை. ரெம்பரேச்சர் முள்ளு முந்தி பாதிக்குச் சற்றுக் கீழ நிக்கும், இப்ப கால்வாசியிலதான் நிக்குது. ரேடியேற்றர் தண்ணி குறையிறேல்லை, ஆனா கலங்கின துரு நிறம். இவ்வளவு காலமும் கிணத்துத் தண்ணிதான் விட்டது. போன வருசம் ஏசி சேர்விஸ் செய்யேக்க உள் யூனிற்றைக் கழட்டிக் கழுவினவை.

கராஜில ஹீற்றர் கோர் மாத்த வேணும், டாஷ்போர்ட் முழுக்க இறக்க வேணும் எண்டு சொல்லினம். உண்மையா அது தேவையோ? அதுக்கு முன்னம் நானே பாக்கக்கூடியது என்னென்ன?

பருத்தித்துறை_டீசல்:

தம்பி, டாஷ்போர்ட்டைத் தொட விடாதேங்கோ. நீங்கள் எழுதினதிலயே பாதி விடை கிடக்கு.

ஹீற்றர் தானாகச் சூடு உண்டாக்கிற சாமான் இல்லை. எஞ்சின்ர சுடுதண்ணியில ஒரு பங்கு டாஷ்போர்ட்டுக்குப் பின்னால இருக்கிற சின்ன ரேடியேற்றருக்குள்ளால (அதுதான் ஹீற்றர் கோர்) ஓடி, திரும்ப வோட்டர் பம்பின்ர இழுக்கிற பக்கம் போகுது. தண்ணி 60 பாகையெண்டால் காத்து அதைத் தாண்டிச் சுடாது. ஏறேக்க எஞ்சினுக்குப் பாரம், அதால சூடு. இறங்கேக்க டீசல் அடிக்கிறதே இல்லை, ஆனா ரேடியேற்றருக்கால காத்து அடிச்சுக்கொண்டிருக்கு. அந்த நேரம் ரேடியேற்றருக்குப் போற வழியைச் சாத்தி எஞ்சின் சூட்டைப் பிடிச்சு வைக்கிறது தேர்மோஸ்ரற் எண்ட சூட்டு வால்வ். பாரத்தோட ஏறி இறங்கிற சூடும், கால்வாசியில நிக்கிற முள்ளும் ஒண்டாச் சேர்ந்தால் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்க வேணும், இல்லாட்டி உள்ளுக்கு அது இல்லவே இல்லை. எங்கட பக்கத்தில ரெண்டாவதைத்தான் கூடக் காணலாம். ஒருக்கா ஓவர்ஹீற் ஆனவுடன "இந்த வெயிலுக்கு இது என்னத்துக்கு" எண்டு கழட்டி எறிஞ்சு விடுவினம்.

பாக்கிற விதம் லேசு. காலமை எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க ஸ்ராட் பண்ணி, ரேடியேற்றரின்ர அடித் தொட்டியிலயும் கீழ் ஹோஸிலயும் கை வையுங்கோ. விசிறி சுத்தும், கை கவனம். தேர்மோஸ்ரற் ஒழுங்கா இருந்தால் எஞ்சின் சுட்டு அது திறக்கிற வரைக்கும் அடிப்பக்கம் குளிராவே இருக்கும், திறந்தவுடன கெதியாச் சுடும். தொடக்கத்தில இருந்தே எஞ்சினோட சேர்ந்து மெல்ல மெல்லச் சுட்டால் வழி திறந்தபடி எண்டு அர்த்தம்.

கழட்டிப் பாக்கிறதும் பெரிய வேலையில்லை. ரேடியேற்றரின்ர பெரிய ஹோஸ் எஞ்சினில போய்ச் சேருற இடத்தில ரெண்டு மூண்டு போல்ற் போட்ட மூடி இருக்கும், அதுக்குள்ளதான். புதுசு வாங்கேக்க ரெண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு, அதில அடிச்சிருக்கிற இலக்கம். ரொயோட்டாவுக்குப் பொதுவா வாறது 82. அது திறக்கத் தொடங்கிற பாகை. மற்றது, பழசு கையில இருந்தால் அதின்ர அடியில ஸ்பிறிங்கோட ஒரு தட்டு இருக்கோ எண்டு பாருங்கோ. அந்தத் தட்டு, வால்வ் திறக்கேக்க பைபாஸ் வழியைச் சாத்திறதுக்கு. தட்டு இருக்க வேண்டிய எஞ்சினில தேர்மோஸ்ரற் இல்லாட்டி பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுத்தும். அதாலதான் தேர்மோஸ்ரற் கழட்டின வான் குளிரில சுடாமலும், பாரத்தோட ஏத்தத்தில ஓவர்ஹீற் ஆகியும் நிக்கிறது. கழட்டினால் எஞ்சின் குளிரும் எண்ட கதையை விட்டுடுங்கோ. குளிர்ந்தபடி ஓடுற டீசல் எஞ்சின் டீசலும் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூட.

பூட்ட முதல் சட்டியில தண்ணி கொதிக்க வச்சு, தேர்மோஸ்ரற்றை நூலில கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கோ. அடியில முட்ட விடாதேங்கோ. 82க்குக் கிட்ட வாய் விட வேணும், 95க்குக் கிட்ட 8 மி.மீ. அளவாவது திறந்திருக்க வேணும். விளிம்பில ஆடிக்கொண்டிருக்கிற சின்ன ஊசி ஒண்டு இருக்கும். காத்துப் போற துளை அது, மேல்பக்கம் வர வையுங்கோ. கீழ்ப்பக்கம் வச்சால் காத்து அடைபட்டு நிக்கும். கஸ்கற் புதுசாப் போடுங்கோ. சிலிக்கன் பசை பூச வேண்டாம், உள்ளுக்குப் பிதுங்கிற துண்டு உடைஞ்சு நேரா ஹீற்றர் கோருக்குள்ளதான் போய் நிக்கும்.

இதைச் செய்துபோட்டு ஹீற்றருக்குப் போற ஹோஸ், வாற ஹோஸ் ரெண்டின்ரயும் சூட்டை எழுதுங்கோ. தொடாமலே சூடு அளக்கிற லேசர் ரெம்பரேச்சர் கன் இருந்தால் நல்லம். பளபளக்கிற உலோகத்தில அது பிழையாக் குறைச்சுக் காட்டும். ரபர் ஹோஸில பிடியுங்கோ, இல்லாட்டி பைப்பில கறுத்த இன்சுலேசன் ரேப் ஒட்டி அதில பிடியுங்கோ.

மானிப்பாய்_ஏசி:

மேல சொன்ன தேர்மோஸ்ரற் கதை சரி. ஆனா ஏசி சேர்விஸுக்குப் பிறகு எண்டு எழுதியிருக்கிறியள், பின் ஹீற்றர் முழுக்கக் குளிர் எண்டும் எழுதியிருக்கிறியள். அதுக்கு வேற காரணம் தேட வேணும்.

இங்க வருசம் முழுக்க ஏசிதான் ஓடுது. ஹீற்றர் கோருக்குள்ள கொஞ்சச் சுடுதண்ணி கசிஞ்சாலும் ஏசி குளிர் குறையும். அதால ஏசி வேலை செய்யிற கன பேர் சுடுதண்ணி வழியை ஒரேயடியா மறிச்சு விடுவினம். பழைய டொல்பினில எஞ்சின் பக்கத்துச் சுவரடியில, ஹீற்றர் ஹோஸில கேபிளால இழுபடுற ஒரு வோட்டர் வால்வைத் தேடிப் பாருங்கோ. அந்தக் கையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பினம், இல்லாட்டி யூனிற்றைத் திரும்பப் பூட்டேக்க கேபிள் கிளிப்பை அரைவாசியில இறுக்கியிருப்பினம். ஆரையும் முன்னுக்கு இருந்து சூட்டு லீவரைக் குளிரில இருந்து சூடு வரைக்கும் தள்ளச் சொல்லிப்போட்டு நீங்கள் வால்வைப் பாருங்கோ. கை கடைசி வரைக்கும் போய் முட்ட வேணும். முட்டாட்டி கிளிப்பைத் தளத்தி, லீவரை முழுச் சூட்டில விட்டு, வால்வ் கையைக் கையால முழுக்கத் திறந்து பிடிச்சுக்கொண்டு கிளிப்பை இறுக்குங்கோ. யூனிற்றுக்குள்ள சுடுகாத்தையும் குளிர்காத்தையும் கலக்கிற கதவுக்குக் கேபிள் இருந்தால் அதுக்கும் இதே முறைதான். ரெண்டு ஹோஸும் கை வைக்கேலாத சூடு, காத்து மட்டும் இளஞ்சூடு எண்டால் பிழை அந்தக் கதவிலதான். தண்ணிப் பக்கம் தேட வேண்டாம்.

பின் ஹீற்றருக்கு எஞ்சின் பக்கத்தில இருந்து தரைக்குக் கீழால ரெண்டு பைப் போகும். அதைக் குனிஞ்சு பாருங்கோ. பின் கோர் கசிஞ்சால் புதுசு தேடாமல் ரெண்டு பைப்பையும் யூ பைப் ஒண்டு போட்டு இணைச்சு விடுறது இங்க வழமை. அப்பிடி இருந்தால் பின்னுக்குச் சூடு எங்கால வாறது?

கண்ணாடிப் புகாருக்கு ஹீற்றர் திருந்தும் வரைக்கும் இதைச் செய்யுங்கோ: உள்காத்துச் சுத்திறதை விட்டு வெளிக்காத்துக்கு மாத்தி, ஏசியையும் போட்டு, காத்தைக் கண்ணாடிக்கு விடுங்கோ. ஏசி ஈரத்தை எடுக்கும். வான் நிறைய ஆக்களோட உள்காத்தைச் சுத்த விட்டால் மூச்சு ஈரம் முழுக்கக் கண்ணாடியிலதான் படியும்.

கோண்டாவில்_வான்:

ரெண்டு அண்ணைக்கும் நன்றி. நீங்கள் சொன்ன ஒழுங்கிலயே பாத்தன்.

ரேடியேற்றர் அடித் தொட்டி தொடக்கத்தில இருந்தே எஞ்சினோட சேர்ந்து சுட்டுது. மூடியைத் திறந்தால் உள்ளுக்குத் தேர்மோஸ்ரற் இல்லை. சிலிக்கன் மட்டும் தடிப்பாக் கிடந்துது, சுரண்டி எடுத்தாச்சு. 82 எண்டு அடிச்ச புதுசு, அடியில தட்டு உள்ளது, கொதிதண்ணியில சோதிச்சு, ஊசி மேல வாறமாதிரிப் பூட்டினது. முள்ளு இப்ப பாதிக்குச் சற்றுக் கீழ நிக்குது.

வால்வ் கை முட்டுது, கேபிள் சரி. பின் பைப் ரெண்டும் யூ பைப்பாலதான் இணைச்சுக் கிடக்கு, பின் கோர் அப்பிடியே வெறுமனே இருக்கு.

1500 ஆர்பிஎம்மில, புளோவர் ரெண்டில வச்சு எடுத்த சூடு: தேர்மோஸ்ரற் மூடியடியில 86, முன் ஹீற்றருக்குப் போற ஹோஸ் 79, திரும்பி வாற ஹோஸ் 46, நடு வாயில வாற காத்து 44. முந்தியிலும் பாக்கத் திறம், ஆனா வெளியில இங்க 30 பாகை இருக்கேக்க 44 எண்டால் நுவரெலியாவில காணாது. இப்பவாவது கோர் மாத்த வேணுமோ?

பருத்தித்துறை_டீசல்:

79 போய் 46 வருது எண்டால் தண்ணி மெத்த மெல்லமா ஓடுது. நல்ல ஓட்டம் இருந்தால் போறதுக்கும் வாறதுக்கும் 10, 15 பாகைதான் வித்தியாசம் நிக்கும், காத்து 55க்கு மேல வர வேணும். ஆனா கோர் அடைச்சிட்டுது எண்டு இப்பவே முடிவெடுக்காதேங்கோ.

அந்த யூ பைப்பை யோசியுங்கோ. முன் கோருக்கும் பின் வழிக்கும் தண்ணி ஒரே இடத்தில இருந்துதான் பிரியுது. பின்னுக்குக் கோர் இருந்த காலத்தில அதுவும் ஒரு தடை, முன்னுக்கும் பங்கு வந்தது. இப்ப பின் வழி தடையில்லாத வெறும் பைப். தண்ணி லேசான வழியாலதான் போகும், முன் கோர் பட்டினி கிடக்கும். பின்னுக்குப் போற ரபர் ஹோஸை ரெண்டு மரத்துண்டுக்கு இடையில வச்சு கிளாம்பால நசுக்குங்கோ. வெறும் குறட்டால நசுக்கினால் ஹோஸ் வெடிக்கும். அஞ்சு நிமிசம் ஓட விட்டுத் திரும்ப எடுங்கோ. வாற ஹோஸ் 60க்கு மேல ஏறினால் பெரிய பிழை யூ பைப்பில. ஏறாட்டி கோரிலதான் அடைப்பு. ரெண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் புதுமையில்லை.

இன்னொண்டும் பாருங்கோ. ஆர்பிஎம் ஏத்தினால் சுட்டு, ஐடிலில குளிர்ந்தால் தண்ணி மட்டம் குறைவு, காத்து அடைபட்டிருக்கு, இல்லாட்டி வோட்டர் பம்ப் இறகு தேஞ்சிட்டுது. காத்தை எடுத்த பிறகும் திரும்பத் திரும்பக் காத்து வந்து, ரேடியேற்றர் வாயில குமிழி விட்டுக்கொண்டிருந்தால் ஹெட் கஸ்கற்றைச் சந்தேகியுங்கோ. தண்ணி குறையிறேல்லை எண்டு நீங்கள் எழுதியிருக்கிறபடியால் அது இருக்காது எண்டு நினைக்கிறன்.

மானிப்பாய்_ஏசி:

கோர் அடைப்பு எண்டு தெரிஞ்சால் மாத்த முதல் கழுவிப் பாருங்கோ. வலிகாமத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாறது. கேத்திலின்ர அடியில படியிற அந்த வெள்ளைக் காறைதான் கோருக்குள்ளயும் படியுது. கோரின்ர குழாய் எல்லாம் ஒடுக்கம், அதோட துருச் சேறும் சேர்ந்தால் தண்ணி போக இடமில்லை. ரேடியேற்றர் ஒழுக்குக்கு மஞ்சள் தூளோ ஒழுக்கு மருந்தோ போட்டிருந்தால் அதுவும் முதல்ல இங்கதான் இறுகும்.

எஞ்சின் ஆறினாப்போல, சுவரடியில ரெண்டு ஹீற்றர் ஹோஸையும் கழட்டுங்கோ. வழமையா 5/8 அங்குல ஹோஸ். பிடிச்சுக்கொண்டு முறுக்க வேண்டாம். கோர் வாய் ஈயப் பத்து, அந்த இடம் கிழிஞ்சால் பிறகு டாஷ்போர்ட் இறக்கத்தான் வேணும். ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேட்டால நீளப்பாட்டுக்குக் கீறி உரியுங்கோ, ஹோஸ் புதுசு போடுறது மலிவு. வோட்டர் வால்வ் அந்த வழியில இருந்தால் திறந்தபடி விடுங்கோ.

முதல் வேலை, தண்ணி திரும்பி வாற வாயில ஹோஸ் பூட்டி எதிர்ப்பக்கமாக் கழுவிறது. மேல்தொட்டித் தண்ணியின்ர அமுக்கம் காணும். பவர் வொஷரும் கொம்பிறசரும் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. ரேடியேற்றர் மூடியில 0.9 எண்டோ 1.1 எண்டோ அடிச்சிருக்கிறதைப் பாருங்கோ, கோர் தாங்க வேண்டிய அமுக்கம் அந்தளவுதான். துருச் சேறு வரும், பிறகு தெளியும். தெளிஞ்ச பிறகு போற வாயாலயும் ஒருக்கா விடுங்கோ. இப்பிடி மாறி மாறி.

காறைக்குச் சிற்றிக் அமிலம். கேக் சாமான் விக்கிற கடையில தூளாக் கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 கிராம், 5 லீற்றர் வாளிக்கு 250 கிராம் கணக்கு. தண்ணி 50, 60 பாகைச் சூட்டில இருக்கட்டும். ரெண்டு வாயிலயும் ஹோஸ் துண்டு பூட்டி மேல் நோக்கிக் கட்டிவிட்டு, ஒண்டில புனல் வச்சு மற்றதால எட்டிப் பாக்கும் வரைக்கும் ஊத்துங்கோ. காறை இருந்தால் நுரைச்சுக்கொண்டு வரும். அது காபனீரொட்சைட்டு, வெளியில போக வேணும், அதால ரெண்டு வாயையும் ஒருக்காலும் அடைக்காதேங்கோ. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ. அரை மணித்தியாலம் விட்டு, எதிர்ப்பக்கமாக் கழுவி, புதுக் கரைசல் விடுங்கோ. நுரைக்கிறது நிண்டால் காறை முடிஞ்சுது. ராத்திரி முழுக்க ஊற விட வேண்டாம், உலோகத்தைத் தின்னும். கடைசியில நல்லாக் கழுவி, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து ஓட விட்டு, திரும்பவும் கழுவுங்கோ. மலசலகூடம் கழுவிற அசிட்டும் கோஸ்ரிக் சோடாவும் வேண்டாம், கோர் அலுமினியம் எண்டால் ரெண்டும் ஓட்டை போட்டுடும்.

திருந்திச்சோ இல்லையோ எண்டு தெரிய ஒரு வழி: வாளியை ஒரே உயரத்தில வச்சு, வெறும் ஹோஸால ஒரு லீற்றர் போக எடுக்கிற நேரத்தையும், அதே ஹோஸைக் கோரில பூட்டி ஒரு லீற்றர் போக எடுக்கிற நேரத்தையும் போனில எண்ணுங்கோ. ரெண்டும் கிட்டக்கிட்ட வந்தால் கோர் திறந்திட்டுது. கழுவியும் ரெண்டு மூண்டு மடங்கு நேரம் எடுத்தால் அப்பதான் கோர் மாத்திற கதை.

பின் கோரைக் கழட்டிக் கொண்டு வாங்கோ. ஒரு வாயை அடைச்சு, மற்றதால சைக்கிள் பம்பில 15 பீஎஸ்ஐ மட்டும் காத்து விட்டு, தண்ணித் தொட்டிக்க அமத்துங்கோ. குமிழி வராட்டி அதையும் இதே மாதிரிக் கழுவித் திரும்பப் பூட்டலாம். குமிழி வந்தால் யூ பைப்புக்குப் பதிலா ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா அடைச்சு விடுங்கோ, முன்னுக்குத் தண்ணி முழுக்க வரும்.

கோண்டாவில்_வான்:

கிளாம்ப் போட்டுப் பாத்ததில வாற ஹோஸ் 46இல இருந்து 58க்கு வந்தது. அப்ப ரெண்டிலயும் பிழை எண்டு விளங்குது. கழுவிறன். திரும்பத் தண்ணி நிரப்பேக்க என்ன விடுறது? ஆர்ஓ மெசினில வடிகட்டின தண்ணி லேசாக் கிடைக்குது, அது காணுமோ? கூலன்ற் எந்த அளவு?

பருத்தித்துறை_டீசல்:

கிணத்துத் தண்ணி இனி ஒரு சொட்டும் வேண்டாம். பற்றரிக்கு விடுறதெண்டு விக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணிதான் நல்லம். பற்றரி அசிட் போத்தலும் பக்கத்தில இருக்கும், பாத்து எடுங்கோ. ஆர்ஓ தண்ணி அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனா குடிக்கிறதுக்கெண்டு சில இடங்களில உப்புத் திரும்பச் சேக்கினம்.

கூலன்ற் பாதிக்குப் பாதி விடுங்கோ. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1,868 மீற்றர். மூடி திறந்த பாத்திரத்தில வெறுந்தண்ணி அங்க 94 பாகையிலயே கொதிக்கும். ரேடியேற்றர் மூடியின்ர ரபர் செத்துப்போன வானுக்கு அங்கதான் தண்ணி தள்ளும். மூடியையும் புதுசாப் போடுங்கோ, பழசில அடிச்சிருக்கிற அதே இலக்கத்தில.

மானிப்பாய்_ஏசி:

அளவில மட்டும் எனக்கு வேற அபிப்பிராயம். இங்க தண்ணி உறையிற கதை இல்லை. கூலன்ற் துருவுக்கும் காறைக்கும் பம்ப் சீலுக்கும்தான். கூலன்ற்றில இருக்கிற கிளைக்கோல் கூடக் கூடச் சூடு கடத்திறது குறையும். யாழ்ப்பாண வெயிலில ஏசியோட ஓடுற வானுக்கு 35, 40 வீதம் காணும், 30க்குக் கீழ போகாதேங்கோ. ஏற்கனவே கலந்து வாற போத்தல் எண்டால் தண்ணி சேக்கவே வேண்டாம். ரெண்டு நிறத்தை ஒண்டாக் கலக்க வேண்டாம்.

பருத்தித்துறை_டீசல்:

40 எண்டால் எனக்கும் சம்மதம்.

நிரப்பிற முறையையும் சொல்லிவிடுறன், இதில பிழைச்சால் இவ்வளவு வேலையும் வீண். எங்கட நிலம் தட்டை, சரிவு கிடைக்காது. முன் ரயர் ரெண்டையும் சேர்விஸ் ரம்ப்பில ஏத்தி, பின் ரயருக்கு அடை வையுங்கோ. ரேடியேற்றர் வாய் உயர நிண்டால்தான் காத்து வெளியில வரும். முன், பின் ஹீற்றர் லீவர் ரெண்டும் முழுச் சூட்டில. மெல்ல மெல்ல ஊத்துங்கோ, மேல் ஹோஸை இடையிடை அமத்தி விடுங்கோ, குளுக் குளுக்கெண்டு காத்து வரும். மூடி போடாமல் ஸ்ராட் பண்ணி 1500இல விடுங்கோ. தேர்மோஸ்ரற் திறந்தவுடன மட்டம் ஒருக்கா இறங்கும், அப்ப நிரப்பி மூடுங்கோ. பிறகு 2500இல ரெண்டு நிமிசம் வச்சால் பின் பைப்பில நிக்கிற காத்தும் தள்ளுப்படும். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால தண்ணி சலசலக்கிற சத்தம் கேட்டால் இன்னும் காத்து இருக்கு. அடுத்த நாள் காலமை ஆறின எஞ்சினில மூடியைத் திறந்து மட்டம் பாத்து, ரிசேவ் போத்தலையும் கோட்டுக்கு நிரப்புங்கோ. சுட்ட எஞ்சினில மூடியில கை வைக்காதேங்கோ.

வடிச்ச பழைய தண்ணியையும் கூலன்ற்றையும் வளவுக்க ஊத்த வேண்டாம். கிளைக்கோல் இனிப்பு, நாய் பூனை நக்கினால் செத்துப்போகும், பிள்ளையளுக்கும் நஞ்சு. எங்கட நிலத்துக்குக் கீழ வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக் கல், ஊத்தினது கெதியாக் கிணத்துக்குப் போயிடும், குடிக்கிறதும் அதைத்தான். பிளாஸ்ரிக் கானில பிடிச்சு மூடி, பழைய ஒயில் எடுக்கிற கராஜில கேட்டு, ஒயிலோட கலக்காமல் தனியக் குடுங்கோ.